மணிக்கல் தீட்டும் கலை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, நான் இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருத்தல் கூடும். இலக்கியம் பேசுதற்கு என்னினும் வல்லார் பலர் இவ்வவையில் உளர். நான் ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகளாகச் செய்துவருவது கல் பொறுக்குதலும் அதனை அறுத்துத் தீட்டுதலுமே. தெரிந்ததைப் பேசுவது பேசுவோனுக்கும் நல்லது, கேட்போருக்கும் நல்லது. ஆதலின் அகேட்டு என்னும் மணிக்கல்லைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் வாழ்வோருக்குக் கல் என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது எடைக்கல். அடுத்து வருவது மோதிரக்கல். 2011-ஆம் ஆண்டில் ஸ்ரீபத்மநாபசுவாமி திருக்கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்ட பின்னர், நம் ஊரில் எவரிடம் கல் என்று சொன்னாலும், "என்ன விலை பெறும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. என் கற்களுக்கு விலை கிடையாது. அவை அனைத்தையும் ஒரு சாக்கில் கட்டிக் கொண்டுவந்தாலும், நம் கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரைக்கு மாற்றாக ஒருவரும் வாங்கமாட்டார். இருப்பினும் வணிகர்களாகிய உங்களுக்கு அகேட்டு முற்றிலும் புதியதன்று. ஆய்வுக்கூடங்களில் இருந்த பழைய நுண்தராசுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றின் துலாக்கோல் அமர்ந்து அசைந்த கத்திமுனை பெரும்பாலும் இக்கல்லால் ஆனதே. எளிதில் தேயாது, துருப்பிடிக்காது. மருந்துப் பொருள்களை நுண்ணிதாக அரைக்கும் சிறு கல்வங்களையும், பொன் இலை ஒட்டிய பின் அதற்கு மெருகேற்றும் கருவியின் முனையையும் இக்கல்லாலேயே செய்வர். இசுலாமியப் பெருமக்கள் பலர் வெள்ளி மோதிரத்தில் பதித்து அணியும் அகீக் கல்லும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

இனி இக்கல் யாது என்று பார்ப்போம். நாட்டுப்புறத்தில் பிறந்தவர்கள் சிறுவயதில் இருட்டில் அமர்ந்து, இரண்டு வெங்கச்சாங்கற்களை ஒன்றோடொன்று தேய்த்து ஒளி காட்டி விளையாடியிருப்பீர்கள். அது குவார்ட்சு என்னும் பளிங்குக் கனிமம். நம் முன்னோர் தீ மூட்டிய சிக்கிமுக்கிக் கல்லும் அகேட்டும் அதற்கு உடன்பிறப்புகள். மூன்றும் சிலிக்கா என்னும் ஒரே பொருளால் ஆனவை. வெங்கச்சாங்கல்லில் படிகங்கள் பெரியவை. அகேட்டிலோ அவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய இழைகளாக நெருங்கிக் கிடக்கும். எரிமலைக் குழம்பு பரவி ஆறும்போது, அதனுள் அகப்பட்ட ஆவிக் குமிழிகள் வெற்றிடங்களாக நின்றுவிடுகின்றன. பின்னர்ச் சிலிக்கா கரைந்த நீர் அவ்விடங்களில் ஊறிப் புகுந்து, சுவரை ஒட்டிப் படலம் படலமாகப் படிகிறது. ஒரு படலம் வெண்மை, அடுத்தது சாம்பல், அதனை அடுத்தது இரும்பின் சாயல் ஏறிய செம்மை. வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தாற் போன்ற வரிகள் அகேட்டில் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. சில கற்களின் நடுவே இடம் நிரம்பாமல் நின்று, அங்கே சிறு படிகங்கள் பல் வரிசை போல் முளைத்திருப்பதும் உண்டு.

எரிமலைக் குழம்பு என்றவுடன் நீங்கள் ஒன்றை உய்த்துணர்ந்திருப்பீர்கள். நம் திருவனந்தபுரத்தில் இக்கல் கிடைக்காது. இங்குள்ள பாறைகள் சார்னோக்கைட்டும் கொண்டலைட்டும். பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறைகளாகிய இவற்றில் குமிழியும் இல்லை, குமிழியை நிரப்பும் அகேட்டும் இல்லை. நம் மாவட்டத்துக்கு வேறொரு சிறப்பு உண்டு. இங்குள்ள பெக்மடைட்டு என்னும் பாறைப் பட்டைகளில் கிரிசோபெரில் கிடைக்கிறது. அதில் ஒளிக்கோடு ஓடும் வகையே வைடூரியம். ஆனால் அதனைத் தோண்ட அரசின் உரிமம் வேண்டும். உரிமமின்றிக் காட்டைக் குடைந்தோர் மேல் வழக்குகள் நடந்ததை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். ஓய்வுநேரக் கலையாளன் அப்பக்கம் தலைவைத்தும் படுக்கலாகாது.

அகேட்டின் தாயகம் தக்காணம். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே பொங்கிப் பரவிய எரிமலைக் குழம்பு, இன்றும் 5 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் கரும்பாறையாக விரிந்து கிடக்கிறது. நருமதை, கோதாவரி, பீமா, கிருஷ்ணை ஆகிய ஆறுகள் அப்பாறையை அரித்து, உள்ளிருந்த கடினமான கற்களை மட்டும் உருட்டிக்கொண்டு வருகின்றன. நான் தொழில் நிமித்தம் பூனாவை அடுத்த பகுதியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன். கோடைக்காலத்தில் பீமா நதியின் வறண்ட படுகையில் மாலைவேளைகளில் நடக்கும்போதுதான் இக்கற்களுடன் எனக்கு உறவு ஏற்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் உருளைக்கிழங்கின் தோல் போல இருக்கும். நீரில் நனைத்துக் கதிரவனுக்கு எதிரே பிடித்தால் ஓரம் மெல்ல ஒளிவிடும். கத்தியால் கீறினால் கல்லில் கீறல் விழாது. கத்தியின் இரும்பே கல்லில் கோடாகப் படியும். கடினத்தை அளக்க மோஸ் என்னும் செருமானிய அறிஞர் 1812-இல் வகுத்த பத்துப்படி அளவையில் சலவைக்கல் 3, கத்தி இரும்பு ஏறத்தாழ 5½, அகேட்டு 6½ முதல் 7 வரை.

இவ்வளவு கடினமான கல்லைத் தேய்க்க அதனினும் கடியது ஒன்று வேண்டும் அல்லவா? இங்கேதான் தமிழுக்கு உரிய இடம் வருகிறது. மோஸ் அளவையில் 9-ஆம் படியில் நிற்கும் கனிமத்தை உலகம் முழுவதும் கொரண்டம் என்றே அழைக்கின்றனர். அது நம் குருந்தம் என்னும் சொல்லின் வழி வந்ததென்பர் சொல்லாராய்ச்சியாளர். குருந்தக்கல்லைப் பொடித்து, உருகிய அரக்கோடு பிசைந்து, வட்டமாக வார்த்துச் சாணையாக்கிக் கல் தீட்டுவது இந்நாட்டின் தொன்றுதொட்ட முறை. 1891-இல் அமெரிக்க நாட்டு அச்சிசன் என்பார், மின்னாற்றலால் கரியையும் களிமண்ணையும் சேர்த்துச் சூடாக்கிச் சிலிக்கன் கார்பைடு என்னும் புதிய பொருளைப் படைத்தார். அதற்கு அவர் இட்ட பெயர் கார்போரண்டம். அப்பெயரின் பின்பாதியில் நிற்பது கொரண்டமே. அதே பெயரைத் தாங்கிய தொழிற்சாலை 1954-இல் முருகப்பா குழுமத்தாரால் சென்னையில் நிறுவப்பட்டது. தமிழ்ச் சொல் ஒன்று கடல் கடந்து, உருமாறி, இயந்திரச் சாணையாகித் தாயகம் திரும்பிய கதை இது. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்த நமக்கு இக்கதையின் சுவை பிறரினும் சற்று மிகுதியாகவே தெரியும்.

சொல் மட்டுமன்று, தொழிலும் நமதே. பதிற்றுப்பத்தில் இரண்டு பாடல்கள் கொடுமணம் என்னும் ஊரையும் அவ்வூரின் வேலைப்பாடு மிக்க அணிகலன்களையும் சுட்டுகின்றன. சேர மன்னர்களைப் பாடிய நூல் அது. ஈரோட்டு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலே அவ்வூர் என்பது அறிஞர் கருத்து. 1985 தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோர் அங்கு அகழ்ந்தபோது கிடைத்தவை வியப்பூட்டுவன. முடிவுற்ற மணிகளோடு, உடைத்த கல், உருக்கொடுத்த கல், தேய்த்தும் துளையிடாத கல், துளையிடுகையில் பிளந்த கல் எனத் தொழிலின் ஒவ்வொரு படிநிலையும் அங்குக் கிடைத்தது. முடிந்த மணி மட்டும் கிடைத்திருந்தால், அதனை விலைக்கு வாங்கியவர் வாழ்ந்த ஊர் என்பதோடு நிறுத்தியிருப்போம். பிளந்து எறிந்த கல் கிடைத்ததால் அங்கே பட்டறை இருந்தது என்று துணிந்து கூற முடிகிறது. கலை வரலாற்றுக்கு நல்ல மணியினும் கெட்டுப்போன மணி பெரிய சான்று.

பச்சைக்கல்லும் நீலக்கல்லும் பளிங்கும் கொடுமணலைச் சுற்றியுள்ள படியூர், சிவன்மலை முதலிய இடங்களிலேயே கிடைப்பன. ஆனால் அங்கே கண்டெடுத்த அகேட்டும் சூதுபவளமும் கொங்கு மண்ணுக்கு உரியவை அல்ல. அவை தக்காணத்திலிருந்தோ, அதற்கும் அப்பால் கூர்ச்சரத்திலிருந்தோ வந்திருத்தல் வேண்டும். சூதுபவளம் என்பது இரும்பின் செம்மை ஏறிய அகேட்டு இனமே. கோதாவரிக் கரையிலுள்ள பைத்தானிலிருந்து இவ்வினக் கற்கள் பாருகச்சத் துறைமுகத்துக்கு வண்டிகளில் சென்றதை, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளுஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் குறிப்பிடுகிறது. ஆக, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல் ஓரிடம், கை வேறிடம், அணிபவர் மற்றோரிடம். நம் கேரளத்தில் கொடுங்கல்லூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007-ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆய்வுக் கழகத்தார் நடத்திய அகழாய்விலும் இத்தகைய மணிகளும், உருவம் செதுக்கிய மோதிரக் கற்களும் கிடைத்துள்ளன. கீழடியிலும் சூதுபவள மணிகள் உண்டு. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் மணிக்குத் துளையிடுவோரைத் தனித் தொழிலாளராக வைத்துப் பேசுவதை இவற்றோடு சேர்த்து எண்ணுக.

இவ்விடத்தில் இளைய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1937 அளவில் சிறுவர்கள் மண்ணில் பொறுக்கிய மணிகளைப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேய் விலைக்கு வாங்கினார். மனித உருவம் செதுக்கிய கல் ஒன்றும் அவருக்குக் கிடைத்தது. அதன் பின்னரே அறிஞர் உலகின் கண் அவ்வூர்மேல் விழுந்தது. 1945-இல் வீலர் முறையாக அகழ்ந்தார். அச்சிறுவர்களால் நன்மை விளைந்தது என்று சொல்லலாம். ஆயினும் அவ்வாறு கைமாறிய எத்தனையோ மணிகள் எந்த ஆழத்தில், எந்தப் பானை ஓட்டின் அருகே கிடந்தன என்பதை இனி எவரும் அறிய இயலாது. அவை வெறும் அழகிய மணிகளாக நின்றுவிட்டன. ஆகவே பழைய ஊர் இருந்த மேட்டில் மணி ஒன்று தலைகாட்டினால் அதனை எடுக்காதீர்கள். இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நூறாண்டு கடந்த பொருள்களைக் காக்க 1972-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதனைச் சொல்லவில்லை.

ஆற்றுக் கல்லுக்கும் இம்முறை பொருந்தும். என் கற்கள் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிறு எண் எழுதியிருக்கும். அதற்குரிய ஏட்டில் எடுத்த நாள், ஆறு, அருகிலுள்ள ஊர் ஆகியவை இருக்கும். ஏடு தொலைந்தால் பெட்டியிலிருப்பது வெறும் சரளை. கேரளத்தில் ஆற்று மணல் எடுப்பதைக் கட்டுப்படுத்த 2001-இல் சட்டம் இயற்றப்பட்டது. அதற்குள் ஆறுகள் பட்ட பாட்டை நாம் அறிவோம். மணல் வாரும் எளிய மக்களின் வாழ்வை நம் ஆ. மாதவன் 'புனலும் மணலும்' என்னும் புதினத்தில் எழுதினார். சாலையில் பாத்திரக் கடை வைத்து, கல்லாவில் அமர்ந்தபடியே கடைத்தெருவை இலக்கியமாக்கிய அப்பெருமகனார் 2015-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்று, 2021-இல் மறைந்தார். கடையும் கலையும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று யாரேனும் சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள், போதும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். எந்திரம் எதுவும் இன்றித் தொடங்க விரும்புவோருக்கு எளிய வழி ஒன்று உண்டு. தடித்த கண்ணாடிப் பலகை ஒன்றைச் சமதளமாக வையுங்கள். அதில் 80 எண் சிலிக்கன் கார்பைடுத் தூளை ஒரு சிட்டிகை இட்டு நீர் தெளித்து, கல்லின் ஒரு முகத்தை எட்டு என்னும் எண்ணின் வடிவில் சுழற்றித் தேய்க்கவேண்டும். எண் ஏற ஏறத் தூள் நுண்ணியதாகும். 80-க்குப் பின் 220, அதன்பின் 400 அல்லது 600. ஒரு தூளிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் கல்லையும் பலகையையும் கையையும் நகக்கண்ணையும் நன்றாகக் கழுவவேண்டும். பருந்தூளின் ஒரு துகள் நுண்தூளில் கலந்தால், தேய்த்து முடித்த முகத்தில் கீறல் விழும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதுதான். கடைசியில் தோல் அல்லது கம்பளத் துண்டில் சீரியம் ஆக்சைடு என்னும் வெண்பொடியை நீரில் குழைத்துத் தேய்த்தால் மெருகு வரும். 600 எண் தூளில் தேய்த்த முகத்தில் ஒளி மங்கலாகவே இருக்கும். சீரியம் பட்ட சில நிமிடங்களில் சன்னலின் உருவம் அதில் தெரியத் தொடங்கும்போது, வீட்டிலுள்ள அனைவரையும் கூவி அழைக்கத் தோன்றும். இரண்டாவது முறை அழைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். அது வேறு செய்தி.

கடற்கரை மணலில் கார்னெட்டு இருக்கிறதே, அதனைத் தூளாகக் கொள்ளலாகாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கார்னெட்டு நல்ல தேய்ப்புப் பொருளே. ஆனால் மணவாளக்குறிச்சி, சவறை முதலிய கடற்கரைகளின் மணலில் அதனோடு மோனசைட்டும் கலந்திருக்கும். அதில் கதிரியக்கமுள்ள தோரியம் உண்டு. அதனை வீட்டில் அரைத்து விளையாடுதல் தகாது.

எந்திரம் கொண்டு செய்வோருக்கு இரு வழிகள். ஒன்று உருட்டும் பொறி. நீரும் தூளும் கற்களும் இட்ட சிறு பீப்பாய் இரவும் பகலும் மெல்ல உருளும். பீப்பாயில் பாதிக்கு மேல், மூன்றில் இரு பங்குக்குள் கல் இருக்கவேண்டும். குறைந்தால் கற்கள் மோதிச் சிதையும், மிகுந்தால் உருளா. ஒவ்வொரு தூளுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம், ஆக நான்கு வாரங்கள். ஆறு பல நூறு ஆண்டுகளில் செய்வதைப் பொறி ஒரு மாதத்தில் செய்கிறது. ஓசையோ, ஓயாமல் ஆட்டுரல் ஓடுவது போல் இருக்கும். இல்லத்தரசியின் இசைவு பெறாமல் இதனை வாங்குவது அறிவுடைமை ஆகாது. அடியில் தங்கும் சேற்றைக் கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் அது சிமென்டு போல் இறுகி அடைத்துவிடும்; தனியே வாளியில் தெளியவிட்டு, ஈரம் காயுமுன் மண்ணில் புதைத்துவிடுக.

மற்றது அறுத்துப் பட்டை தீட்டுவது. விளிம்பில் வைரத் துகள் பதித்த வட்டத் தகடு நீரில் நனைந்தபடியே சுழன்று கல்லை அறுக்கும். அறுப்பதற்கு முன் கல்லைப் பலமுறை திருப்பிப் பார்க்கவேண்டும். குறுக்கே அறுத்தால் வட்ட வரிகள்; சாய்த்து அறுத்தால் அகன்ற அலைகள்; தவறிய பக்கத்தில் அறுத்தால் வெறும் சாம்பல் நிறம். அறுத்த பின் மீண்டும் ஒட்ட முடியாது. வில்லையாக அறுத்ததை அரக்கால் ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, ஈரச் சாணையில் சுழற்றிச் சுழற்றிக் குவிந்த வடிவம் கொடுப்பர். ஒளி ஊடுருவாத வரிக்கல்லுக்குப் பல முகப் பட்டையினும் இக்குவிந்த வடிவமே அழகு.

நீர் என்னும் சொல்லை நான் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கான காரணத்தைச் சொல்வதற்கே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன் எனினும் பொருந்தும்.

கூர்ச்சர நாட்டில் கம்பாத்து என்னும் பழைய துறைமுக நகரம் உண்டு. அதற்குத் தெற்கே, நருமதையை அடுத்த இரத்தன்பூர்க் குன்றுகளில் வெட்டியெடுக்கும் கல் அங்கு வந்து மணியாகிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயராகிய துவார்த்தே பார்போசா இத்தொழிலைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்கும் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடைய மணிப் பட்டறை ஒன்று, கம்பாத்துக்குச் சிறிது தொலைவிலுள்ள லோத்தலில் 1955-க்குப் பின் நடந்த அகழாய்வில் வெளிப்பட்டது. இரத்தன்பூர்க் குன்றின்மேல் பாவா கோர் என்னும் பெரியாரின் அடக்கத்தலம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர் என்று போற்றப்படும் அவரையே அகேட்டு வாணிகத்தின் காவலராகக் கொள்வர். கற்களை வெயிலில் பல நாள் காயவைத்து, மண்கலத்தில் இட்டு மூட்டம் போட்டுச் சுடுவார்கள். மங்கிய மஞ்சள் கல் இரும்பின் செம்மை வெளிப்பட்டுச் சூதுபவளமாகும். தரையில் நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லின் ஓரத்தை அணைத்து, கொம்பால் செய்த சுத்தியால் தட்டுவார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு செதில் தெறிக்கும். நான் ஒருமுறை கம்பாத்துக்குச் சென்று ஒரு முற்பகல் முழுவதும் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கைத்திறனைக் கண்டபின், என் வீட்டுப் பொறிகளைப் பற்றிப் பெருமை பேசும் வழக்கம் எனக்குக் குறைந்துவிட்டது.

அதே தெருவில் இருமல் ஒலியும் கேட்டது. மின்னால் சுழலும் சாணையில் கல்லை உலர்ந்தபடியே தேய்க்கிறார்கள். தேய்க்கும்போது எழும் தூசு சிலிக்கா. கண்ணுக்குத் தெரியும் தூசினால் அவ்வளவு கேடில்லை; கண்ணுக்குத் தெரியாத நுண்தூசே நுரையீரலின் அடியாழம் வரை சென்று தங்கி, அங்கே தழும்பை உண்டாக்குகிறது. சிலிக்கோசிஸ் என்னும் அந்நோய்க்கு முற்றும் குணமாக்கும் மருந்து இல்லை. அதனோடு காசநோயும் எளிதில் தொற்றுகிறது. அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தார் கம்பாத்துத் தொழிலாளரைப் பரிசோதித்து இதனை வெளியிட்டுள்ளனர். தூசை உறிஞ்சி அகற்றும் கருவியையும் வகுத்தளித்தனர். சாணை பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பதால், தேய்ப்பவரோடு அவர் மனைவி மக்களும் அத்தூசையே சுவாசிக்கின்றனர்.

நீர் விட்டுத் தேய்த்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நீர் விட்டால் வேலை தாமதப்படும். கூலி மணியின் எண்ணிக்கைக்குத்தான் என்றார் ஒருவர். கணக்கு அவ்வளவு எளிது. நாம் மோதிரத்துக்கும் மாலைக்கும் பேரம் பேசிக் குறைக்கும் பத்து ரூபாய், அத்தெருவில் ஒரு குவளை நீராக இருந்திருக்க வேண்டியது. கல்லைத் தன் கையால் தேய்த்துப் பார்த்தவனுக்கு ஒரு மணியில் எத்தனை நாழிகை அடங்கியிருக்கிறது என்பது தெரியும். அவன் இருபது ரூபாய்க்கு முப்பது மணி கோத்த மாலையைக் கண்டால் மகிழமாட்டான். இதன் விலையில் எது விடுபட்டது என்று கேட்பான். இக்கலையை நம் இளைஞர் பயிலவேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதற் காரணம் இதுவே. அழகு இரண்டாவது.

பொழுதுபோக்காகச் செய்யும் நமக்கு எண்ணிக்கைக் கூலி இல்லை, அவசரமும் இல்லை. ஆகவே உலர்ந்த கல்லைத் தேய்ப்பதற்கு நமக்கு ஒரு சாக்கும் கிடையாது. அறுப்பதும் தேய்ப்பதும் துளையிடுவதும் நீரிலேயே நடக்கவேண்டும். வேலை முடிந்ததும் தரையையும் மேசையையும் ஈரத் துணியால் துடைக்கவேண்டும். துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. காய்ந்த சேறு மீண்டும் தூசாகும். வேலையின்போது அணிந்த உடையை உதறாமல் தனியே நீரில் நனையுங்கள். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டால் போதும் என்பது வீண் துணிச்சல். மின் கருவியோடு நீர் சேரும் இடம் ஆதலின், கசிவு நேர்ந்தால் மின்னோட்டத்தை உடனே துண்டிக்கும் பாதுகாப்புப் பொறியையும் பொருத்திக்கொள்ளுங்கள்.

செருமனியிலே இடார் என்னும் மலையூரிலும் இக்கலை பல நூற்றாண்டுகளாக நடைபெறுகிறது. அங்கே நீர்ச்சக்கரத்தால் சுழலும் ஆளுயர மணற்கல் சாணையின் முன், தொழிலாளி தாழ்ந்த பலகையில் குப்புறப் படுத்துக் கல்லை அழுத்துவார். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உள்ளூர்க் கல் அருகி வறுமை மிகுந்தபோது, அவ்வூரார் பலர் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தனர். குடியேறிய ரியோ கிராந்தி தோ சுல் நாட்டில் காலில் இடறிய கல் தங்கள் ஊர்க் கல்லே என்பதைக் கண்டு, அதனைக் கப்பலில் ஏற்றித் தாயகத்துக்கு அனுப்பினர். இடாரின் தொழில் அதனால் பிழைத்தது. சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்து அமிலத்தில் இட்டுச் சாம்பல் நிறக் கல்லைக் கருப்பாக்கும் வித்தையும் அவ்வூரில் பெருகியதே. இன்று கடைகளில் ஊதாவும் நீலமும் பளிச்சிடும் அகேட்டு வில்லைகளைக் கண்டால் அவை சாயம் ஏற்றியவை என்று கொள்க. இயற்கை அகேட்டு அவ்வளவு உரக்கப் பேசுவதில்லை.

அகேட்டு இல்லாத ஊரில் எதனைப் பொறுக்குவது என்று கேட்கும் இளைஞர்களுக்குச் சொல்வேன்: வெங்கச்சாங்கல்லில் தொடங்குங்கள். கட்டடத்துக்குக் கொட்டிய சரளையிலேயே பால்வெள்ளை, புகைநிறம், இளஞ்சிவப்பு ஆகியவை அகப்படும். கொண்டலைட்டுப் பாறைச் சில்லுகளில் மாதுளை முத்துப் போலக் கார்னெட்டு தெரியும். மழை ஓய்ந்த மறுநாள் காலை, கற்கள் நனைந்திருக்கும்போதே தேடுங்கள். மெருகேற்றினால் எவ்வாறு இருக்கும் என்பதை நனைந்த கல் முன்கூட்டியே காட்டிவிடும். முதல் கல்லுக்கு இரண்டு மாதம் பிடிக்கலாம்.

கூட்டம் முடிந்தபின் மேடையின் இடப்புறமுள்ள மேசைக்கு வாருங்கள். பதினான்கு கற்கள் வைத்திருக்கிறேன். ஏழு என் வீட்டில் தீட்டியவை. ஏழு கம்பாத்திலிருந்து அவர்கள் சொன்ன விலைக்கே வாங்கியவை. கலந்து வைத்திருக்கிறேன், பிரித்துப் பாருங்கள். ஏடும் பக்கத்தில் இருக்கிறது. தீட்டாத கல் இரண்டும் ஒரு கிண்ணம் நீரும் உண்டு. சிறுவர்கள் கல்லை நீரில் முக்கிப் பார்க்கலாம். கண்ணாடிப் பலகையும் தூளும் ஆயத்தமாக இருக்கின்றன. கையில் ஈரமாவதற்கு அஞ்சாதவர்கள் முதலில் வரிசையில் நிற்கலாம்.